சன்ரூம் கூரை ஒழுகுகிறதா? சிலிக்கான் ட்யூபைக் கீழே வையுங்கள்

[காட்சி: சன்ரூமின் உட்கூரை. வீட்டுச் சுவரோரம் பழுப்புக் கறை. கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

வணக்கம். முதலில் இந்தக் கறையை நன்றாகப் பாருங்கள். நடுவில் வெளிறிப்போய், ஓரத்தில் பழுப்பு அடர்ந்து, அதற்கு வெளியே இன்னொரு வளையம், அதற்கும் வெளியே இன்னொன்று. பொதுவாக ஒரு தடவை நனைந்து காய்ந்தால் ஒரு வளையம் விழும். இங்கே அடுக்கடுக்காக இருக்கிறது என்றால் இந்தக் கூரை ரொம்ப காலமாக ஒழுகுகிறது, யாரோ அவ்வப்போது மேலே ஏறி இடுக்கை அடைக்கிற சிலிக்கான் பசையைப் பூசிவிட்டு நிம்மதியாக இறங்கியிருக்கிறார்கள்.

டொராண்டோவைச் சுற்றி, மார்க்கம், பிராம்ப்டன், ஸ்கார்பரோ பக்கம் பழைய வீடு வாங்கியவர்களுக்கு இது பழகிய காட்சிதான். வீட்டைக் கட்டியவர் ஒருவர், பல வருடம் கழித்துப் பின்பக்கம் டெக் என்ற மரத் தளம் போட்டு அதன் மேல் கண்ணாடி அறை சேர்த்தவர் வேறொருவர், இரண்டும் சேரும் இடத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது, சன்ரூம் கூரை வீட்டுச் சுவரில் போய் முட்டுகிற அந்த ஒரே கோட்டில்.

அதற்காக உடனே ஏணியை எடுக்காதீர்கள். சொட்டுவது மழைத் தண்ணீர்தானா என்று முதலில் பாருங்கள். ஜனவரியில் வெளியே மைனஸ் 15, வானம் தெளிவாக இருக்கிறது, மழையும் இல்லை பனியும் உருகவில்லை, ஆனாலும் காலையில் தரையில் சொட்டு. அது ஒழுகல் ஆகாது. உள்ளே இருக்கிற ஈரக் காற்று குளிர்ந்த அலுமினியச் சட்டத்தில் பட்டுத் தண்ணீராக மாறிச் சொட்டுகிறது. சன்ரூம் சமையலறையோடு ஒட்டி இருந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோறு வடித்து சாம்பார் கொதிக்கவிடும் வீடுகளில் இது நிறையவே நடக்கும். சமைக்கும்போது வெளியே காற்றைத் தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், அந்தக் கதவைச் சாத்துங்கள், அப்புறமும் சொட்டினால் மேலே படியுங்கள். மன்னிக்கவும், மேலே பாருங்கள்.

[காட்சி: ஒருவர் தோட்டக் குழாயோடு வெளியே. இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே.]

சரி, மழைத் தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது எந்த வழியாக என்று கண்டுபிடிக்க வேண்டும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள், தண்ணீர் ஒரு இடத்தில் நுழைந்து உத்தரத்தின் அடிப்பக்கமாகவோ அலுமினியக் கால்வாய்க்குள்ளாகவோ பல அடி ஓடி, எங்கே ஒரு ஸ்க்ரூவோ இணைப்போ குறுக்கிடுகிறதோ அங்கே சொட்டும். அதனால் ஹோஸ் டெஸ்ட். வெயில் நாளில், தோட்டக் குழாயை வைத்துக் கூரையின் கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு பகுதியில் 10 முதல் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் காத்திருந்து, உள்ளே இருப்பவர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு சற்று மேலே நகருங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இணைப்பின் மீதும் ஓடிவிடும், எது குற்றவாளி என்று தெரியவே தெரியாது. பொறுமைதான் இதில் பெரிய கருவி. சுவர் சந்திப்பைத் தொடுவதற்கு முன்பே சொட்டினால் காரணம் கூரைப் பலகைகளின் இணைப்பிலோ ஸ்க்ரூவிலோ இருக்கிறது. சந்திப்பையும் தாண்டி, மேலே சுவரில் தண்ணீர் விட்டபோதுதான் சொட்டுகிறதென்றால் கூரைப் பலகைகளை விட்டுவிட்டு மாடி ஜன்னலின் ஓரங்களையும் இந்தச் சந்திப்பையும் பாருங்கள்.

[காட்சி: சுவர் சந்திப்பு, மிக நெருக்கத்தில். காய்ந்து பிளந்த சிலிக்கான் வரி. ஒரு விரல் அதை உரித்து எடுக்கிறது.]

இதுதான் நான் காட்ட நினைத்த இடம். பாருங்கள், வினைல் சைடிங், அதாவது வெளிச்சுவரை மூடுகிற பிளாஸ்டிக் பலகைகள், அவற்றின் முகத்தின் மேலேயே ஒரு அலுமினியக் கோணத் தகடு வைத்து, மேல் விளிம்பில் சிலிக்கான் ஓட்டிவிட்டிருக்கிறார்கள். முழு வரியும் ஒரே நாடாவாக உரிந்து வருகிறது, ஒரு பக்கம் பளபளவென்று இருக்கிறது, அதாவது சுவரில் ஒட்டவே இல்லை. ஒட்டியிருந்தாலும் நிலைத்திருக்காது. 4 மீட்டர் நீளமுள்ள அலுமினியம் 70 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இந்த ஊரில் பிப்ரவரி இரவுக்கும் ஜூலை வெயிலில் காயும் தகட்டுக்கும் அவ்வளவு வேறுபாடு சாதாரணம். நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி அந்த மெல்லிய வரி கிழியத்தான் செய்யும். அதற்கும் மேலே இன்னொரு சிக்கல் உண்டு. வினைல் சைடிங் தண்ணீர் புகாத சுவர் கிடையாது. மழையில் அதன் பின்னால் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஹவுஸ்ராப் என்ற உறை. தகட்டை வெளி முகத்தில் ஒட்டினால், பின்னால் இறங்குகிற தண்ணீர் தகட்டுக்கும் பின்னாலேயே இறங்கி நேராக சன்ரூமுக்குள் வரும். நீங்கள் வெளியே எத்தனை ட்யூப் பிழிந்தாலும்.

ஓலை வேய்கிறவர் கீழிருந்துதான் ஆரம்பிப்பார், மேல் வரிசை எப்போதும் கீழ் வரிசையின் மேல் படியும். பசை எதுவும் கிடையாது, மழை வெளியே போகிறது. இங்கேயும் அதே கணக்குதான்.

[காட்சி: சைடிங் கழற்றும் கொக்கிக் கருவி. வினைல் பலகை ஒன்று விடுபடுகிறது.]

சைடிங்கின் கீழ் இரண்டு மூன்று வரிசையைக் கழற்றுங்கள். இதற்கென்று ஒரு சின்னக் கொக்கிக் கருவி விற்கிறது, பலகையின் அடிவிளிம்பில் நுழைத்து இழுத்தால் பூட்டு திறந்துகொள்ளும். கடுங்குளிரில் செய்யாதீர்கள், வினைல் உடையும். உள்ளே மரம் கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது என்றால் அந்தப் பகுதியை வெட்டி மாற்றாமல் மேலே போகாதீர்கள், குறிப்பாகச் சன்ரூம் கூரையைச் சுவரில் தாங்குகிற அந்த லெட்ஜர் பலகை. அது உளுத்திருந்தால் பிரச்சினை ஒழுகலோடு முடியாது, கூரையே இறங்கலாம், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மரம் நல்லது என்றால், ஹவுஸ்ராப்பை மேலே தூக்கி மடித்து வைத்துவிட்டு, ஐஸ் அண்ட் வாட்டர் மெம்பரேன் என்ற, தானாக ஒட்டும் தண்ணீர் புகாத விரிப்பைப் பாதி கூரை மீதும் பாதி சுவர் மீதுமாக ஒட்டுங்கள். அதன் மேல் புதுத் தகடு, ஒரே நீளமாகக் கிடைத்தால் ஒரே நீளம், சுவரில் குறைந்தது 4 அங்குலம் ஏற வேண்டும். அப்புறம் மடித்து வைத்த ஹவுஸ்ராப்பைத் தகட்டின் மேல் இறக்கிவிட்டு, ஓரத்தை டேப் போட்டு, சைடிங்கை மறுபடி மாட்டுங்கள். சைடிங்கின் அடி கூரையில் உட்காரக் கூடாது, ஒன்றிரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். ஆணியை இறுக அடிக்காதீர்கள், வினைலும் நீண்டு சுருங்கும். ஒரு விஷயம், ரசாயனம் ஏற்றிய பச்சை நிற மரத்தில் செம்பு கலந்திருக்கும், அதன் மேல் அலுமினியத் தகடு நேரடியாகப் பட்டால் தகடு அரித்து ஊசித் துளைகள் விழும். நடுவில் அந்த மெம்பரேன் இருப்பது இதற்கும் உதவுகிறது.

செங்கல் சுவரா? அப்படியானால் தகட்டின் மேல் விளிம்பு செங்கலுக்குள் போக வேண்டும். சாந்து வரியில் ஏறக்குறைய ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டி, தகட்டை மடித்து உள்ளே செருகி, பிறகு அடைக்க வேண்டும். இதைக் கிரைண்டர் பழகியவரே செய்யட்டும். சுவரில் அங்கங்கே சாந்து இல்லாத செங்குத்து இடுக்குகள் தெரியும், அவை மறதியால் விட்ட ஓட்டைகள் அல்ல, தண்ணீர் வெளியேறும் வழி. அவற்றை அடைக்காதீர்கள். கண்ணாடிக் கூரைச் சட்டங்களின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளும் அப்படித்தான்.

[காட்சி: மேல் கூரையின் மழைநீர்க் குழாய், சன்ரூம் கூரை மீது தண்ணீரைக் கொட்டுகிறது.]

இதையும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டாம் மாடிக் கூரையின் மழைநீர் முழுக்க இந்தச் சின்னக் கூரையில் விழுகிறது. எந்த இணைப்பும் இதைத் தாங்காது. ஒரு நீட்டிப்புக் குழாய் மாட்டித் தண்ணீரை நேராகச் சன்ரூம் கூரையோரத்துப் பீலிக்குள் விடுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம், ஏனோ யாரும் செய்வதில்லை.

சரிவும் முக்கியம். ஆஸ்ஃபால்ட் ஷிங்கிள், அதாவது ஒன்றன் மேல் ஒன்று படியும் தார் ஓடுகள், போட, கிடையாக 12 அங்குலத்துக்கு 4 அங்குலம் சரிவு இருப்பது வழக்கமான அளவு. 2 அங்குலம் வரை சிறப்பு முறையில் போடலாம். அதற்கும் கீழே போடவே கூடாது, தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் பின்னோக்கி ஏறும். பல சன்ரூம் கூரைகள் அதைவிடத் தட்டை, ஆனாலும் வீட்டுக் கூரையோடு பொருந்த வேண்டும் என்று ஷிங்கிள் போட்டிருப்பார்கள். அங்கே ஒட்டுப்போடுவது வீண், கழற்றிவிட்டு ரப்பர் மெம்பரேனோ பிட்டுமன் ஷீட்டோ போடுவதுதான் வழி. ஈபிடிஎம் ரப்பர் கூரையாக இருந்தால் தார் பூச வேண்டாம், பெட்ரோலியம் அந்த ரப்பரைக் கெடுக்கும்.

பனிக்காலத்தில் மட்டும் ஒழுகினால் அது பெரும்பாலும் ஐஸ் டாம், அதாவது பனிக்கட்டி அணை. வெப்பம் கசிந்து மேலே பனி உருகி, குளிர்ந்த விளிம்பில் மறுபடி உறைந்து அணையாகி, பின்னால் தேங்கிய தண்ணீர் உள்ளே வருகிறது. தரையில் நின்றபடி நீண்ட ரூஃப் ரேக்கால் பனியை இழுத்து இறக்குங்கள். கோடாலியால் ஐஸை உடைக்கப் போய்க் கூரையை உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

சிலிக்கானே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஸ்க்ரூ தலைக்கும் பலகை இணைப்புக்கும். பழையதை முழுக்கச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, காடி வாசனை வராத நியூட்ரல் க்யூர் வகையைப் பூசுங்கள். பழைய சிலிக்கான் மேல் எதுவும் ஒழுங்காக ஒட்டாது. கண்ணாடி, பாலிகார்பனேட் பலகைகள் மேல் கால் வைக்காதீர்கள், எதற்கும்.

[காட்சி: உட்கூரை ஜிப்சம் பலகை வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. உத்தரங்கள் தெரிகின்றன.]

வேலை முடிந்ததும் மறுபடி ஹோஸ் டெஸ்ட், உட்கூரையை மூடுவதற்கு முன்னால். நனைந்த இன்சுலேஷனை வெளியே எடுங்கள், மரம் நன்றாகக் காயட்டும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை.

ஆளை வைத்துச் செய்வதானால் விலை கேட்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: சைடிங்கைக் கழற்றி, தகட்டை ஹவுஸ்ராப்புக்குப் பின்னால் வைப்பீர்களா? அதெல்லாம் தேவையில்லை சார், மேலே சீல் பண்ணிவிடுகிறேன் என்றால் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.