காசிமேட்டுக் கணக்கும் டெஸ்டிங் வேலையும்

நேயர்களுக்கு வணக்கம். வீடு தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ, வேலை ஓஎம்ஆர் பக்கம் என்று தினமும் சென்னையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வரும் பிள்ளைகள் பலர். அவர்களில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்காகவே இந்தப் பேச்சு. ஃபங்ஷனல் புரோகிராமிங், அதாவது உள்ளீட்டை வாங்கி விடையைத் தரும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகவே நிரல் எழுதும் முறை, என்றதும் ‘அதெல்லாம் நமக்கெதற்கு’ என்று ஸ்டேஷனை மாற்றிவிடாதீர்கள். மொழியை மாற்றச் சொல்லப் போவதில்லை. ஜாவாவிலோ பைத்தானிலோ இருந்தபடியே எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கங்கள் அதில் உண்டு.

நம்ம காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு விசைப்படகின் வரவுசெலவுக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வையுங்கள். ஏலத்தில் வந்த பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகு உரிமையாளருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகு கடலுக்குப் போனதாகப் பதிவு வந்தால் ஏற்கக் கூடாது.

பலர் எழுதும் நிரல், தடைக்காலமா என்று பார்க்கக் கணினியின் கடிகாரத்தை உள்ளேயே கேட்டுக்கொள்ளும். டிசம்பரில் உட்கார்ந்து அதை எப்படிச் சோதிப்பது? நிஜக் கடிகாரத்துக்குப் பதிலாகப் பொய்க் கடிகாரம் ஒன்றைச் செய்து செருக வேண்டும்; இப்படிப்பட்ட போலியைத்தான் மாக் என்கிறார்கள். தேதியை வெளியிலிருந்தே அந்த ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15 என்று நாலு தேதி கொடுங்கள், நாலு விடையைப் பாருங்கள், முடிந்தது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தந்து, வெளியில் எதையும் தொடாமல் இருப்பதைத்தான் பியூர் ஃபங்ஷன் என்கிறார்கள்.

காசிமேட்டில் ஏலம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். சர்வரோ பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுவது; நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். கவனிக்காமல் விட்டால் அதிகாலை நாலு மணி விற்பனை நேற்றைய கணக்கில் போய் உட்காரும். பகல் பதினொன்றுக்கு ஆபீஸில் டெஸ்ட் ஓட்டுகிறவர் கண்ணில் இது படவே படாது. யூடிசியில் தேதி மாறுவது நமக்குக் காலை 5.30-க்கு. நேரத்தை உள்ளீடாக வாங்கும் நிரல் என்றால், காலை 5.29, 5.30 இரண்டையும் கொடுத்ததுமே குட்டு உடைந்துவிடும்.

டேட்டாபேஸும் நெட்வொர்க்கும் இல்லாமல் நிரல் பிழைக்குமா என்றால், பிழைக்காது. அவற்றை ஓரத்தில் நிறுத்திவிட்டு, கணக்குப் போடும் பகுதியைத் தனியாக வைக்க வேண்டும். மாக் மேல் மாக் அடுக்கிய டெஸ்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது கோடின் அமைப்பின் மேல்தான்.

அப்புறம், 2000-ல் கூன் கிளாசென், ஜான் ஹியூஸ் என்ற இருவர், ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழிக்காகச் செய்த குவிக்செக் கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே வழியில் இன்று பைத்தானுக்கு ஹைபாதிசிஸ், ஜாவாவுக்கு ஜேக்விக் இருக்கின்றன. எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய ஒரு விதியை மட்டும் நாம் எழுதித் தருகிறோம். கருவி கண்டபடி எண்களைப் போட்டு அதை உடைக்கப் பார்க்கும்.

நம் படகுக்கு விதி இது: பங்குகளைக் கூட்டினால், பிரித்த தொகை பைசா பிசகாமல் வர வேண்டும். நூறு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு 33.33, கூட்டினால் 99.99. கையால் டெஸ்ட் எழுதுகிறவர் 900 ரூபாய், மூன்று பேர் என்று அழகாக வகுபடும் எண்ணைத்தான் போடுவார். கருவிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. 48,913 ரூபாய், ஏழு பேர் என்று எதையாவது போட்டு மாட்டிவிடும். மாட்டியதும் எண்களைக் குறைத்துக்கொண்டே வந்து, ‘ஒரு பைசா, இரண்டு பேர்’ என்ற மிகச் சின்ன வழக்கைக் கையில் கொடுக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் குறைக்கும் வித்தைதான்; பக் எங்கே என்று தேடும் வேலை பாதி குறைகிறது. மிச்சப் பைசா யாருக்கு என்று நிரல் எழுதுகிறவர் முடிவு செய்யக் கூடாது, படகுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

விதியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. உரிமையாளர் பங்கும் தொழிலாளி பங்கும் இடம் மாறிப்போனால்கூடக் கூட்டுத்தொகை சரியாகவே வரும், டெஸ்டும் பாஸாகிவிடும். ஆகவே கையால் போட்டு இருதரப்பும் ஒப்புக்கொண்ட பழைய கணக்குகள் சிலவற்றை வாங்கி, அவற்றையும் டெஸ்டாகச் சேர்த்துவையுங்கள். நன்றி, வணக்கம்.