சீரீஸ் எல்லாம் மெகா சீரியல் மாதிரி தெரியுது, வசனமும் கேக்கல: டிவியில எதை மாத்தணும்?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் பெருசு, அப்படியே படிக்கிறேன். "சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல எட்டு எபிசோட் சீரீஸ் ஒண்ணு பாத்து முடிச்சோம். ஆளாளுக்கு ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க. எங்களுக்கு என்னமோ மெகா சீரியல் பாத்த மாதிரிதான் இருந்துச்சு. இருட்டு சீன்ல யாரு யாரை அடிக்கிறாங்கன்னே தெரியல. பேசுறது கேக்கலன்னு வால்யூமை ஏத்தினா, அடுத்த நிமிஷமே குண்டு வெடிச்சு வீடு அதிருது. சீரீஸ் மோசமா, எங்க டிவி மோசமா?"

டிவி மோசம் கிடையாது. சீரீஸ் மோசமான்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. ஏன்னா நீங்க பாத்தது அதை எடுத்தவங்க எடுத்த படமே இல்ல. டிவியை டப்பாவுல இருந்து எடுத்து மாட்டும்போது என்ன செட்டிங்ஸ் இருந்துச்சோ, அதுலயே ஓட்டிட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நீங்க சொன்ன மூணு குறைக்கும் மூணு தனித்தனி காரணம் இருக்கு.

முதல்ல அந்த சீரியல் லுக். சினிமாவும் பெரும்பாலான சீரீஸும் ஒரு செகண்டுக்கு 24 பிரேம்ல, அதாவது 24 தனித்தனி படமா எடுக்கிறாங்க. உங்க டிவி பேனல் 60 ஹெர்ட்ஸ், இல்லன்னா 120 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு அத்தனை தடவை படத்தைக் காட்டும். 24-ஐ 120-க்குள்ள போடுறது சுலபம், ஒவ்வொரு பிரேமையும் அஞ்சு தடவை காட்டினா போதும். 60-க்குள்ள அது சமமா உட்காராது. ஒரு பிரேமை மூணு தடவை, அடுத்ததை ரெண்டு தடவைன்னு மாத்தி மாத்திக் காட்டணும். கேமரா மெதுவா பக்கவாட்டுல திரும்பும்போது ஒரு சின்ன தடங்கல் தெரியும் பாருங்க, அதுக்குக் காரணம் இதுதான்.

இந்தத் தடங்கலை மறைக்கிறேன்னு டிவி கம்பெனிக்காரங்க ஒரு வேலை பண்றாங்க. ரெண்டு பிரேமுக்கு நடுவுல இல்லாத பிரேமை டிவியே கணக்குப் போட்டு வரைஞ்சு சொருகிடும். அசைவு வழவழன்னு ஆயிடும். மெகா சீரியல், நியூஸ், கிரிக்கெட் எல்லாம் ஒரு செகண்டுக்கு 50, 60 தடவை அசைவு பதிவாகிற வீடியோவுல எடுத்தது. நம்ம கண்ணுக்கு அந்த வழவழப்புன்னாலே ஸ்டுடியோ, செட்டுன்னு பழகிப்போச்சு. அதனால கோடிக்கணக்குல செலவு பண்ணி எடுத்த காட்சியும் செட்டு போட்டு எடுத்த மாதிரி தெரியுது. நடிப்புகூட செயற்கையா தோணும். அது நடிகரோட தப்பு இல்ல.

டிவி வரையிற அந்த பிரேம் எப்பவும் சரியாவும் வராது. ஜன்னல் கம்பிக்கு முன்னாடி ஒருத்தர் நடந்து போற மாதிரி சீன் வந்தா, அவரோட தோளையும் காதையும் மட்டும் பாருங்க. சுத்தி ஒரு விரக்கடை அகலத்துக்குக் கம்பியெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியும். பின்னாடி இருக்கிற கம்பி எங்க போச்சுன்னு டிவிக்குத் தெரியல, ஊகிச்சு வரையுது. ஒரு தடவை இதைப் பாத்துட்டீங்கன்னா அப்புறம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்.

இதை எங்க அணைக்கிறது? ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வெச்சிருக்கு. சாம்சங்ல பிக்சர் கிளாரிட்டி, பழைய மாடல்ல ஆட்டோ மோஷன் பிளஸ். எல்.ஜி.ல ட்ருமோஷன். சோனில மோஷன்ஃப்ளோ. பிக்சர் செட்டிங்ஸுக்குள்ள அட்வான்ஸ்டு, இல்லன்னா எக்ஸ்பர்ட்னு ஒரு பகுதி இருக்கும், அதுக்குள்ள தேடுங்க. முழுசா ஆஃப் பண்ணுங்க. ஓ.எல்.இ.டி., அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ற பேனல் டிவி வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். அந்தப் பேனல் ரொம்ப வேகமா நிறம் மாறும், அதனால முழு ஆஃப்ல 24 பிரேமோட வெட்டு கொஞ்சம் தூக்கலாவே தெரியும். கண்ணை உறுத்துச்சுன்னா யூசர் இல்லன்னா கஸ்டம்னு போட்டு, டி-ஜடர்னு இருக்கிற, அந்த வெட்டைக் குறைக்கிற அளவை 10-க்கு 2 வரைக்கும் வையுங்க. 3-ஐத் தாண்டினா சீரியல் லுக் திரும்பி வந்துடும்.

தேடவே பொறுமை இல்லன்னா ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கான்னு பாருங்க. 2019-ல அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் வந்த நிறைய டிவியில இருக்கு. அதைப் போட்டா நடு பிரேம் சொருகுறது, செயற்கைக் கூர்மை, இரைச்சல் நீக்குறது எல்லாம் ஒரே தட்டுல அணைஞ்சிடும். அது இல்லாத டிவியில சினிமா இல்லன்னா மூவி மோட் போடுங்க. ஆனா அதுலயும் மோஷன் தானா அணையும்னு நம்பாதீங்க, உள்ள போய்ப் பாருங்க. முதல் ரெண்டு நாள் படம் மஞ்சளா தெரியும். அது மஞ்சள் கிடையாது. விவிட் மோட்ல இவ்வளவு நாள் பாத்த வெள்ளையில நீலம் கூடுதலா இருந்துச்சு, அவ்வளவுதான். கண்ணு பழகிடும்.

இதுல பலபேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. செட்டிங்ஸ் மாத்தியாச்சு, இன்னும் அப்படியேதான் இருக்குன்னு எழுதுவாங்க. டிவி சாதாரணப் படத்துக்கு ஒரு செட்டிங்ஸ், வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோட காட்டுற எச்.டி.ஆர். படத்துக்கு வேற, அதுலயே இன்னொரு வகையான டால்பி விஷனுக்கு வேறன்னு தனித்தனியா ஞாபகம் வெச்சுக்கும். பல டிவியில ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்கும்கூட தனி. நீங்க செட்டாப் பாக்ஸ்ல சேனல் ஓடும்போது மாத்தினா அது அந்த போர்ட்டுக்கு மட்டும்தான். அதனால சீரீஸை ஓட விட்டு, மூலையில எச்.டி.ஆர். இல்லன்னா டால்பி விஷன்னு காட்டினதுக்கப்புறம் மெனுவைத் திறங்க. அப்போ மாத்துறதுதான் சீரீஸுக்குப் போய்ச் சேரும்.

அணைஞ்சிருச்சான்னு உறுதி பண்ண கடைசியில பேர் ஓடுற இடத்தைப் பாருங்க. எழுத்து எண்ணெய்ல வழுக்குற மாதிரி ஏறினா இன்னும் ஆன்ல இருக்கு. லேசா நடுங்கி நடுங்கி ஏறினா சரி.

கிரிக்கெட், ஃபுட்பால் பாக்கிறவங்க விளையாட்டுக்கு மட்டும் அதை ஆன் பண்ணிக்கலாம், அதுல தப்பில்ல. ஆனா பந்து வேகமா போகும்போது வால் முளைச்ச மாதிரி தெரிஞ்சா அளவைக் குறைங்க.

ரெண்டாவது, இருட்டு. 2019 ஏப்ரல்ல கேம் ஆஃப் த்ரோன்ஸ் எட்டாவது சீசனோட மூணாவது எபிசோட் வந்தப்போ உலகம் பூரா இதே புகார்தான். ராத்திரிப் போர், ஒண்ணுமே தெரியலன்னு. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், நிறைய பேருக்கு டிவியைச் சரியா வெச்சுக்கத் தெரியலன்னு பதில் சொன்னார். என்னைக் கேட்டா அது பாதி நியாயம்தான். மீதிப் பாதி, நெட்ல அனுப்புறதுக்காக வீடியோவைச் சுருக்குற வேலை. சுருக்கும்போது இருட்டான இடத்துக்குத்தான் ரொம்பக் குறைவான தகவல் ஒதுக்குவாங்க. 4கே ஸ்ட்ரீமிங் செகண்டுக்கு 15, 20 மெகாபிட்ல ஓடும். 4கே டிஸ்க்ல 100-க்கு மேலயும் இடம் இருக்கு. அதனாலதான் மெழுகுவத்தி வெளிச்சம் சுவத்துல மங்கிட்டே போற இடத்துல, ஒரே சீரா மங்காம வளையம் வளையமா படிக்கட்டு தெரியும். 8 பிட் படத்துல ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். எச்.டி.ஆர்.ல 10 பிட், 1024 படி. இந்தச் சுருக்கத்தை நம்மால மாத்த முடியாது. நம்ம பக்கம் இருக்கிறதை மாத்தலாம்.

முதல் வேலை, மின்சாரம் சேமிக்கிற மோடையும் லைட் சென்சாரையும் அணைங்க. சாம்சங்ல பிரைட்னெஸ் ஆப்டிமைசேஷன், எல்.ஜி.ல எனர்ஜி சேவிங், சோனில லைட் சென்சார். இருட்டுச் சீன்ல படத்தை இன்னும் மங்கலாக்குறது பல வீட்டுல இதுதான். அடுத்து, டால்பி விஷன்ல ரெண்டு சினிமா மோட் இருக்கும். சோனில டார்க், பிரைட். எல்.ஜி.ல சினிமா, சினிமா ஹோம். டார்க்கும் வெறும் சினிமாவும் லைட்டை அணைச்சுட்டுப் பாக்கிறதுக்கு. ரூம்ல லைட் எரியுதுன்னா பிரைட், சினிமா ஹோம் போடுங்க. சாதாரணப் படத்துக்கு காமான்னு ஒரு செட்டிங் இருக்கும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல இருக்கிற இடம் எவ்வளவு வெளிச்சமா தெரியணும்னு சொல்றது அது: 2.2 வெளிச்சமான ரூமுக்கு, 2.4 இருட்டு ரூமுக்கு.

பிரைட்னெஸ்னு இருக்கிறதை இஷ்டத்துக்கு ஏத்தாதீங்க. பல டிவியில அது வெளிச்சத்தைக் கூட்டாது, கறுப்பு எங்க ஆரம்பிக்குதுங்கிறதைத்தான் மாத்தும். வெளிச்சத்துக்கு பேக்லைட், இல்லன்னா ஓ.எல்.இ.டி. லைட்டுன்னு தனியா இருக்கும். சோனில மட்டும் பேர் வேற, அங்க பிரைட்னெஸ்தான் வெளிச்சம், கறுப்புக்கு பிளாக் லெவல்னு இருக்கும். கறுப்பைச் சரி பண்ண, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வர்ற ஒரு படத்தை ஓட விட்டு ரூம் லைட்டை அணைங்க. பட்டை சாம்பலா வெளுக்கிற வரைக்கும் ஏத்துங்க, வெளுத்ததும் திரும்பக் கறுப்பாகிற இடத்துக்கு இறக்கி நிறுத்துங்க. அதுக்கு மேல வெச்சா கறுப்புல ஒளிஞ்சிருந்த கட்டம் கட்டமான சுருக்கக் குப்பை எல்லாம் வெளிய வந்துடும்.

வெளியில இருந்து பாக்ஸ், கன்சோல், ஸ்டிக் ஏதாவது மாட்டியிருந்தா இன்னொண்ணும் பாருங்க. அது கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் 0-இல இருந்து 255-ன்னு (ஃபுல்) அனுப்பி, டிவி 16-இல இருந்து 235-ன்னு (லிமிடெட்) எதிர்பார்த்தா, 16-க்குக் கீழ இருக்கிற நிழல் விவரம் மொத்தமும் ஒரே கறுப்பா அமுங்கிடும். தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒரே திட்டா தெரிஞ்சா இதைச் சந்தேகப்படுங்க. ரெண்டு பக்கமும் ஆட்டோ, இல்லன்னா ரெண்டு பக்கமும் லிமிடெட்.

இப்போ சத்தம். இதுலதான் எனக்கு உண்மையாவே ஆதங்கம். நல்லா எழுதின வசனம் காதுலயே விழாம போறது பெரிய இழப்பு.

சீரீஸ் ஒலி 5.1-ல வருது. ஆறு தடம். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்துல மட்டும் இருக்கும். உங்க டிவியில நடு ஸ்பீக்கரே கிடையாது. இடது, வலது ரெண்டுதான், அதுவும் கீழயோ பின்னாடியோ பாத்த மாதிரி இருக்கும். அதனால டிவி நடுத் தடத்தை வழக்கமா 3 டெசிபல் குறைச்சு ரெண்டு பக்கத்துலயும் கலந்துடும். அங்க ஏற்கெனவே இசையும் சண்டைச் சத்தமும் இருக்கு. மெதுவா பேசுற ச, ஸ, த மாதிரி ஓசையெல்லாம் அதுக்குள்ள மூழ்கிப் போகுது. வார்த்தை புரியிறது 2 ஆயிரத்துல இருந்து 4 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள இந்த மெய்யெழுத்து ஓசையாலதான்.

இன்னொரு காரணம் ஏற்ற இறக்கம். பதிவு பண்ணக்கூடிய அதிகபட்ச சத்தத்தை 0 டெசிபல்னு வெச்சா, நெட்ஃபிளிக்ஸ் தயாரிப்பாளர்கள்கிட்ட கேக்கிற அளவு, வசனத்தோட சராசரி மைனஸ் 27, உச்சம் மைனஸ் 2 வரைக்கும் போகலாம். நடுவுல 25 டெசிபல் இடம் இருக்கு. குண்டு வெடிக்கிறது அந்த இடத்துலதான். ஐரோப்பிய டிவி ஒளிபரப்புல நிகழ்ச்சி முழுசுக்கும் சராசரி மைனஸ் 23. சேனல்ல இருந்து ஆப்புக்கு வந்தா சத்தம் குறைஞ்ச மாதிரி தோணுறதுக்கு இது ஒரு காரணம்.

பண்ண வேண்டியதை வரிசையா சொல்றேன். ஆப்புல ஆடியோ பட்டியலைத் திறந்து, 5.1 தவிர ஸ்டீரியோவும் இருக்கான்னு பாருங்க. வெறும் டிவி ஸ்பீக்கர்ல கேக்கிறவங்களுக்கு அது தெளிவா இருக்கும். பிரைம் வீடியோல சில நிகழ்ச்சிக்கு டயலாக் பூஸ்ட்னு தனித் தடமே உண்டு. அதுக்கப்புறம் டிவி சவுண்ட் மெனுவுல கிளியர் வாய்ஸ், ஆம்ப்ளிஃபை மாதிரி இருக்கிறதை ஆன் பண்ணுங்க. ஈக்வலைசர் இருந்தா பேஸை 3 டெசிபல் இறக்கி, 2 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல 2 டெசிபல் ஏத்துங்க. ராத்திரியில நைட் மோட் போடுங்க, அது குண்டை அமுக்கி முணுமுணுப்பைத் தூக்கும். பகல்ல அணைச்சிடுங்க, எப்பவும் ஆன்ல இருந்தா எல்லாமே தட்டையாயிடும். சரவுண்ட், விர்ச்சுவல்னு இருக்கிற எதையும் டிவி ஸ்பீக்கர்ல போடாதீங்க, வசனத்தைக் கலைக்கிறதே அதுதான்.

சவுண்ட்பார் வாங்குறதா இருந்தா அட்டையில முதல் எண்ணைப் பாருங்க. 2.1-ன்னா நடு ஸ்பீக்கர் இல்ல. 3.1, 5.1-ன்னா இருக்கு. வசனத்துக்காக வாங்குறவங்களுக்கு 3.1 போதும். நடு ஸ்பீக்கர் அளவை மட்டும் 3, 4 படி ஏத்திக்கலாம், இதுக்கு ஈடா வேற எதுவும் கிடையாது. டிவியில ஆர்க் இல்லன்னா இ-ஆர்க்னு எழுதின எச்.டி.எம்.ஐ. போர்ட்லதான் மாட்டணும், டிவி சத்தத்தை பாருக்கு அனுப்புறது அதுதான். ஆப்டிகல் வயர் பழைய டால்பி டிஜிட்டல் வரைக்கும்தான் கொண்டு போகும், ஸ்ட்ரீமிங்ல வர்ற டால்பி டிஜிட்டல் பிளஸ் அதுல போகாது. டிவியில டிஜிட்டல் அவுட்புட்டை ஆட்டோ இல்லன்னா பாஸ்த்ரூன்னு வையுங்க, பாஸ்த்ரூன்னா ஒலியைத் தொடாம அப்படியே பாருக்கு அனுப்பும். பி.சி.எம்.ல, அதாவது டிவியே ஒலியைப் பிரிச்சு அனுப்புற முறையில விட்டா பல டிவி ரெண்டு தடமா சுருக்கித்தான் அனுப்பும், நடு ஸ்பீக்கருக்குத் தனித் தடமே போகாது. பாரை அலமாரிக்குள்ள உள்ள தள்ளி வெக்காம, ஸ்டாண்டோட முன் விளிம்புல வையுங்க.

பார் மாட்டினதும் உதடும் சத்தமும் ஒட்டலன்னா ஆடியோ டிலேன்னு இருக்கும். சத்தம் படத்துக்கு முந்தி வந்தா மட்டும்தான் அதைக் கூட்டிச் சரி பண்ண முடியும். 10 மில்லி செகண்ட் படியா ஏத்திப் பாருங்க. பிந்தி வருதுன்னா பாஸ்த்ரூ போட்டுப் பாருங்க, டிவி செய்யிற ஒலி வேலை குறையும்.

நெட் பத்தி ஒரே வரி. வீக்எண்ட் ராத்திரியில நெரிசல் ஏறும், ஆப் சத்தமில்லாம தரத்தை இறக்கிடும். 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேக்கிறது 15 மெகாபிட், 1080-க்கு 5. முடிஞ்சா டிவிக்கு லேன் வயர் போடுங்க, இல்லன்னா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை.

எல்லாம் பண்ணியும் சில சீரீஸ்ல முணுமுணுத்துத்தான் பேசுவாங்க, அப்படியே பதிவு பண்ணியிருப்பாங்க. தயங்காம சப்டைட்டில் போடுங்க. மாத்தின செட்டிங்ஸ் பக்கத்தை ஃபோன்ல படம் பிடிச்சு வெச்சுக்குங்க. சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா சில டிவி பழையபடி ஃபேக்டரி மோடுக்குத் திரும்பிடும்.