மலை ஏறும் முன் ஒரு நாள் இந்த வீட்டில்

வணக்கம் நண்பர்களே. தான்சானியாவில், மராங்கு கிராமத்து சாகா இனக் குடும்பம் ஒன்றின் தோட்டத்தில் நின்று பேசுகிறேன். 5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோவில் ஏற வருகிறவர்கள் பலர் இந்த ஊரை வண்டியிலேயே கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

இங்கே பெரியவர்களைக் கண்டதும் 'ஷிகாமூ' என்று வணங்க வேண்டும். 'மரஹபா' என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்சு. காலையில் பாட்டியிடம் சொன்னேன், முகம் மலர்ந்துவிட்டது.

இந்தத் தோட்டத்தைப் பாருங்கள். இதற்குக் கிஹாம்பா என்று பெயர். உச்சியில் நிழல் மரங்கள், அடுத்து வாழை, வாழை நிழலில் காப்பி, தரையில் சேம்பும் பீன்ஸும். மலை ஓடையிலிருந்து வெட்டிய மண் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மாடு தொழுவத்தை விட்டு வெளியே போவதே இல்லை. வீட்டம்மா வாழைமரத்தை வெட்டுக்கத்தியால் சீவிச் சீவித் தொட்டியில் போடுகிறார், நீர் சொட்டச் சொட்ட மாடு மெல்லுகிறது. அதன் சாணம் மறுபடி வாழையடிக்கே போகிறது. எதுவும் வீணாவதில்லை.

காப்பியில் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். கையால் சுற்றும் இயந்திரத்தில் தோல் நீக்கியதும் கொட்டை வழுவழுவென்று விரலில் நிற்காமல் நழுவுகிறது. அந்தப் பசை போக ஊறவைத்து, அலசி, வலைப் பந்தலில் காயவைக்கிறார்கள். இப்பகுதி விவசாயிகள் 1933-லேயே கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள்.

ஆனால் காப்பிப் பணம் ஆண்களுக்கு, வாழையும் பாலும் பெண்களுக்கு என்பது இங்கே பழைய வழக்கம். தினமும் அடுப்பு எரிவது வாழையால்தான். புல் சுமப்பது, சந்தைக்குத் தார் கொண்டுபோவது, சமைப்பது எல்லாம் இந்த அம்மாதான். மதியத்துக்கு வாழைக்காயும் மாட்டிறைச்சியும் குழைய வேகவைத்து மசித்த ம்டோரி செய்தார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து நிலம் சுருங்கி வருகிறது. இத்தனை பேருக்குச் சோறு போடும் தோட்டம் துண்டாவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் வருவதாக இருந்தால் மார்ச் முதல் மே வரையிலான பெருமழையைத் தவிர்த்து, ஜூலைக்குப் பிறகு காப்பி பழுக்கும்போது வாருங்கள். தங்கும் பணத்தை வீட்டம்மா கையிலேயே கொடுங்கள். கூடையை நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொண்டு பறிக்கப் போங்கள்.