காயலான் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா?

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், தூணோரம் நிற்கும் பெற்றோருக்கும், விரலில் இன்னும் பசை காயாத பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கழிவுப் பொருளில் சிலை செய்யும் இந்தப் பள்ளிப் போட்டிக்கு நடுவர் என்ற பெயரில் காலையிலிருந்து இந்தக் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு மயிலின் முன்னால் நெடுநேரம் நின்றேன். தோகை முழுக்க பிளாஸ்டிக் ஸ்பூன். "இத்தனை ஸ்பூன் ஏது கண்ணு?" என்று கேட்டேன். "அப்பா வாங்கித் தந்தாங்க, நாலு பாக்கெட்" என்றது குழந்தை. உண்மை சொன்னதற்கே ஒரு பரிசு தரலாம். 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள் அது. எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. அலங்காரத்துக்கு வைக்கும் தெர்மாகோலும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இங்கே பாதி மேசையில் அதுதான் பீடம்.

கழிவிலிருந்து சிலை செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, சிலைக்காகவே கழிவை விலைக்கு வாங்குகிறோம். இது பிள்ளைகள் குற்றமில்லை. தலைப்பை இன்று கொடுத்து, மறுநாள் கொண்டுவா என்றால் வேறு என்ன செய்வார்கள்?

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். பிரிவினையின்போது ஊரை விட்டு வந்தவர். புது நகரம் கட்டுவதற்காக அங்கிருந்த கிராமங்களை இடித்தார்கள் அல்லவா, அந்த இடிபாடுகளைத்தான் அவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். உடைந்த வளையல், பீங்கான் துண்டு, ஓடு, கழிவறைக் கோப்பைச் சில்லு எல்லாம். காட்டுப் பகுதியில், அரசு நிலத்தில், யாருக்கும் தெரியாமல் 1957-லிருந்து சேர்த்துச் சேர்த்து சிலை செய்தார். அதிகாரிகள் கண்ணில் பட ஏறத்தாழ 18 ஆண்டு ஆனது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். நல்லவேளை, 1976-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அவருக்குச் சம்பளமும் கொடுத்து, வேலைக்கு ஆட்களும் கொடுத்தார்கள். ராக் கார்டன் என்று இன்றும் கூட்டம் போகிறது.

அங்கே ஒரு பெண் சிலையின் பாவாடையைப் பார்த்தால் வளையல் என்று தெரியும். பெயின்ட் அடித்து மறைக்கவில்லை. யார் கையிலோ குலுங்கிய வளையல் இங்கே வந்து பாவாடையாகியிருக்கிறது, அவ்வளவுதான். பிகாசோ 1942-ல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார். இரண்டே பொருள். காளையும் தெரியும், சைக்கிளும் தெரியும். இங்கே தங்க நிற ஸ்பிரே அடித்த எட்டுச் சிலைகளைப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான் குலுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் இன்னொரு சங்கதி. தண்ணீர் விற்கிற பிளாஸ்டிக் பாட்டில் (PET) ஒன்றைக் காயலான் கடையில் போட்டால் எடுத்துக்கொள்வார்கள்; அது நூலாகி, துணியாகக்கூட மாறும். அதே பாட்டில்மேல் பசை தடவி, தெர்மாகோல் ஒட்டி, ஜிகினா தூவி, வண்ணம் பூசினால்? எவரும் தொட மாட்டார்கள். போட்டி முடிந்த மறுநாள் நேராகக் குப்பைமேடு. மறுசுழற்சிக்குப் போக வேண்டியதை நாமே கெடுத்து, அதற்குச் சான்றிதழும் கொடுக்கிறோம்.

எல் அனட்சுயி என்ற கானா நாட்டுக் கலைஞர் மதுபாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்துச் சுவர் அளவு விரிப்புகள் செய்கிறார். பசை இல்லை. மடிக்கலாம், ஒவ்வொரு காட்சிக்கும் வேறு மாதிரி தொங்கவிடலாம். வெனிஸ் கலைக் கண்காட்சியில் 2015-ல் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குத்தான்.

ஆகவே தலைமையாசிரியரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு தலைப்பை மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வீட்டிலேயே சேர்க்கட்டும். கட்டலாம், கோக்கலாம், ஆணி அடிக்கலாம்; ஒட்டக் கூடாது. கண்காட்சி முடிந்ததும் பிரித்துப் பார்க்கட்டும். பிரிப்பதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

முதல் பரிசுக்கு நாங்கள் எடுத்தது கடைசி மேசையில் இருக்கும் வண்டு. சைக்கிள் மணி மூடி முதுகு, அறுந்த செயின் கால். செய்தவன் அப்பாவுக்குப் பஞ்சர் கடையாம். முதுகைத் தட்டினால் லேசாக மணி அடிக்கிறது. எங்கே அந்தத் தம்பி? மேடைக்கு வா, வண்டையும் எடுத்துக்கொண்டு வா.