யாரைக் கூப்பிட்டோம் என்ற கணக்கு

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

குளச்சலிலும் குலசேகரத்திலும் களியக்காவிளையிலும் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பெரும்பாலோர், ஒருமுறை ரீசார்ஜ் செய்துவிட்டால் எத்தனை பேரிடம் எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே தொகைதான் என்ற திட்டத்தில்தான் கைப்பேசி வைத்திருப்பீர்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியே காசு கணக்கிட வேண்டிய தேவை தொலைபேசி கம்பெனிக்கு ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. ஆயினும், நீங்கள் யாரை அழைத்தீர்கள், எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்த டவரின் எல்லைக்குள் நின்று பேசினீர்கள் என்பவை ஒன்றுவிடாமல் பதிவாகின்றன. இப்பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளின் உரிமத்தில் இருந்த நிபந்தனையை, மத்திய அரசு 2021 டிசம்பரில் இரண்டாண்டாக உயர்த்தியது. பில் போடுவதற்காகத் தொடங்கிய ஒரு கணக்கு, அந்தத் தேவை தீர்ந்த பின்னும், அரசு கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காகக் காக்கப்படுகிறது. இன்று நான் பேச வந்திருப்பது இந்தக் கணக்கைப் பற்றித்தான்.

தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வெளியூருக்கு ஆபரேட்டர் வழியே பேசிய டிரங்க் கால் காலத்தில், இணைப்பு கொடுக்கும் ஆபரேட்டர் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு சீட்டு எழுதுவார். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகிய இவ்வளவுதான் அதில் இருக்கும். மாலையில் சீட்டுகள் கட்டாகக் கட்டப்பட்டுக் கணக்குப் பிரிவுக்குச் செல்லும்.

அந்நாளில், ரப்பர் தோட்டம் ஒன்றின் எல்லை குறித்து வழக்கு நடத்திக்கொண்டிருந்த, ஊரில் செல்வாக்கு மிக்க ஒருவர் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். எதிர்த்தரப்புக்காரர் சென்னையில் எந்த வக்கீலை அழைக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மேற்பார்வையாளராக இருந்த அம்மையாரிடம், "அவன் என்ன பேசினான்னு நான் கேக்கல்ல மோளே, யாரைக் கூப்பிட்டான்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார். குரலில் அதட்டல் இல்லை. சின்ன உதவி கேட்பவரைப் போலத்தான் கேட்டார். அம்மையார் எழுந்து நின்று மரியாதையாகவே பதில் சொன்னார்: "அண்ணாச்சி, அந்தச் சீட்டு பில் போடதுக்குள்ளது. இன்னைக்கு அதை உங்களுக்குக் காட்டினா, நாளைக்கு உங்க சீட்டை இன்னொருத்தருக்குக் காட்டணும்." வந்தவர் சிறிது நேரம் நின்றார்; பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். செய்தியை வெளியே சொல்லும் ஊழியருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை என்று 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அம்மையார் சட்டத்தை எடுத்துக் காட்டவில்லை. எங்கள் எக்ஸ்சேஞ்சை ஊர் நம்பியதற்கு அவரைப் போன்றவர்களே காரணம் என்று நான் இன்றும் கருதுகிறேன்.

அந்த அண்ணாச்சி கேட்டதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள், நேயர்களே. என்ன பேசினான் என்பது அவருக்கு வேண்டாம். யாரை அழைத்தான் என்பதே போதும். ஒருவர் ஒரே வாரத்தில் புற்றுநோய் மருத்துவரைப் பலமுறை அழைத்து, அடுத்து வங்கியை அழைத்து, நள்ளிரவில் வளைகுடாவில் இருக்கும் மகனை அழைத்தால், ஒரு சொல்லைக்கூடக் கேட்காமல் அந்த வீட்டின் நிலையைச் சொல்லிவிடலாம். "பேச்சை ஒட்டுக்கேட்கவில்லை, விவரங்களைத்தான் எடுத்தோம்" என்று அரசுகள் சொல்லும்போது என் மனம் ஆறுதல் அடையாததற்குக் காரணம் இதுவே.

அமெரிக்காவில் பெரிய தொலைபேசி கம்பெனிகள் கோடிக்கணக்கான மக்களின் அழைப்பு விவரங்களைத் அந்நாட்டு உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையிடம் கொடுத்தன என்ற செய்தி 2006 மே மாதம் வெளியானபோது, க்வெஸ்ட் என்ற கம்பெனி நீதிமன்ற ஆணை இல்லாமல் தர மறுத்ததும் தெரியவந்தது. எங்கள் அம்மையார் நினைவுக்கு வந்தார். பின்னர் 2013 ஜூனில், அம்முகமையில் ஒப்பந்தப் பணியில் இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களின் வழியே, வெரைசன் கம்பெனி தன் வாடிக்கையாளர்களின் விவரங்களை நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்ற ரகசிய ஆணை வெளிப்பட்டது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த மொத்தச் சேகரிப்பைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்றது. அடுத்த மாதமே அதை நிறுத்தும் சட்டமும் வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். பேச்சை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் நிலையில் ஆணை வேண்டும், அந்த ஆணைகளை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அழைப்பு விவரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. குற்ற விசாரணைச் சட்டத்தின் கீழ் காவல்துறை எழுத்தில் கேட்டாலே கம்பெனி கொடுத்துவிடும். மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் விவரங்களையே தில்லிக் காவலர் ஒருவர் முறைகேடாகப் பெற முயன்றதாக 2013-இல் வழக்கு எழுந்த பிறகுதான், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது.

காவல்துறை கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு, கடைசி டவர் எது என்ற செய்தி பெரிய உதவி. ஆனால் மண்டைக்காட்டுக் கொடை விழாவில் ஒரு சங்கிலி அறுக்கப்பட்டால், அந்த நேரத்தில் அங்குள்ள டவரில் பதிவான எண்கள் முழுவதையும் கேட்டு வாங்க முடியும். அம்மனைத் தொழ வந்த ஆயிரக்கணக்கானோரின் எண்கள் ஒரு கோப்பில் ஏறும். அவர்களில் ஒருவருக்கும் அது எந்நாளும் தெரியாது. தெரியாது என்பதுதான் என் மனக்குறை. சரி, ஒட்டுக்கேட்பு ஆணைகளுக்காவது மறுஆய்வு நடக்கிறதா? குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அரசுச் செயலாளர்கள். நீதிபதி ஒருவரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மத்தியக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதியது. அவ்வளவு ஆணைகளை ஒரு கூட்டத்தில் படித்துப் பார்ப்பது மனிதரால் ஆகிற காரியமன்று.

பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஆகஸ்டில் கேரளத்தில் கொரோனா நோயாளிகளின் அழைப்பு விவரங்களைத் திரட்டக் காவல்துறை முற்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகு, டவர் இருப்பிடம் மட்டுமே எடுக்கப்படும் என்று அரசு சொன்னது. அந்த வரையறையை முதல் நாளிலேயே மக்களிடம் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் வந்தவர் தாமாக முன்வந்து உண்மையைச் சொன்னால்தான் நோயைத் தடுக்க முடியும். அரசு மேல் நம்பிக்கை இல்லாதவர் சொல்ல மாட்டார்.

நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். இருப்பதை விரைந்து சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்ற வழக்குக்காக ஒட்டுக்கேட்டால், அது முடிந்த 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும். நீதிபதி தள்ளிவைக்கலாம், ஆனால் விதி அதுதான். நம் விதிகளில் அப்படி அறிவிக்கும் கடமை இல்லை. ஆணை தொடர்பான ஆவணங்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழிக்கச் சொல்கின்றன. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசு அறிவிக்கும் முகமைகளுக்கு முழு விலக்கு அளிக்கிறது. விசாரணை முடிந்த பின், யாருடைய விவரங்கள் எடுக்கப்பட்டனவோ அவருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வணக்கம்.