அணுகுண்டு போட்டு உடைத்துவிடலாமே? சிறுகோள் பற்றிய ஒரு கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். போன காணொளியில், சூரியனைச் சுற்றும் ஒரு கல்லின், அதாவது சிறுகோளின், போக்கை மாற்ற முடியுமா என்று பார்க்க நாசா வேண்டுமென்றே மோதவிட்ட டார்ட் விண்கலத்தைப் பற்றிப் பேசியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: "ஐயா, அவ்வளவு செலவு செய்து மோதியும் அந்தக் கல் சுற்றிவரும் நேரம் 32 நிமிடம்தான் குறைந்தது என்கிறீர்கள். நிஜமாகவே ஒன்று பூமியை நோக்கி வந்தால் இது எந்த மூலைக்கு? பேசாமல் அணுகுண்டு போட்டு உடைத்துவிடலாமே? அப்புறம், இப்படி இடித்துவிட்டதால் அது நம் பக்கம் திரும்பி வந்துவிடாதா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். வராது. டார்ட் மோதியது டிமார்ஃபோஸ் என்ற சுமார் 150 மீட்டர் கல்லின் மேல். அது தனியாகத் திரிகிற கல் இல்லை. டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளை, சுமார் 1.2 கிலோமீட்டர் தள்ளி நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இடி அந்தச் சுற்றைத்தான் இறுக்கியது. இரண்டும் சேர்ந்து சூரியனைச் சுற்றும் பாதையில் ஏற்பட்ட மாற்றம் மிக மிகச் சொற்பம். பயப்பட வேண்டாம்.

இப்போது அந்த 32 நிமிடம். மோதிய நேரம் இந்திய நேரப்படி 2022 செப்டம்பர் 27, விடிகாலை 4.44 மணி. விண்கலத்தின் எடை 580 கிலோ போல. கல்லின் எடை சுமார் 430 கோடி கிலோ. நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் வேகம். கடைசி நான்கு மணி நேரம் பூமியில் இருந்து யாரும் ஓட்டவில்லை, விண்கலம் தானே பார்த்துத் தானே திருப்பிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை அதன் கேமராவுக்கே டிமார்ஃபோஸ் தனியாகத் தெரியவில்லை! அப்புறம் ஒரு புள்ளி, பிறகு முட்டை வடிவம், பிறகு பாறை பாறையாக மேற்பரப்பு. நொடிக்கு ஒரு படம் வந்துகொண்டிருந்தது. கடைசிப் படம் மேலே ஒரு பட்டை மட்டும் வந்து பாதியில் நின்றுவிட்டது. 1 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தூரம், சிக்னல் வரவே 37 நொடி ஆகும். ஆக, நாம் அந்தப் படத்தைப் பார்க்கும்போது விண்கலம் ஏற்கெனவே தூள்.

சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிடமாக இருந்தது, 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது. 73 நொடி மாறினாலே வெற்றி என்று நாசா முன்கூட்டியே வைத்திருந்தது. இதைக் கண்டுபிடித்தது தரையில் இருந்த தொலைநோக்கிகள். அவற்றுக்கு இரண்டு கல்லும் சேர்ந்து ஒரே ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது வெளிச்சம் லேசாக மங்கும். அந்த மங்கலுக்கு நேரம் குறித்தால் போதும். ஜோடிக் கல்லாகத் தேடிப் பிடித்ததற்குக் காரணமே இதுதான். தனிக் கல்லாக இருந்தால் அளந்து முடிக்கவே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வேகத்தில் எவ்வளவு மாற்றம் தெரியுமா? நொடிக்கு 2.7 மில்லிமீட்டர். எறும்பே இதைவிட வேகமாகப் போகும். "இதுவா நம்மைக் காப்பாற்றப் போகிறது?" என்று தோன்றும். கணக்குப் போடுவோம். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் விட்டம் 12,742 கிலோமீட்டர். தன் உடம்பு அளவு தூரத்தைக் கடக்க பூமிக்கு ஏழு நிமிடம் போதும். அதாவது நம் பாதையைக் குறுக்கே வெட்டும் கல்லை ஏழெட்டு நிமிடம் தாமதப்படுத்தினால் அது வரும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். டிமார்ஃபோஸ் மாதிரியே அடர்த்தி உள்ள 100 மீட்டர் கல் என்றால் அதே இடி நொடிக்கு சுமார் 1 சென்டிமீட்டர் மாற்றம் தரும். பத்து வருடத்தில் அது 3,150 கிலோமீட்டர். சூரியனைச் சுற்றும் கல் என்பதால், வேகம் மாறினால் சுற்று நேரமும் மாறி, விலகல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர்தான். இடியின் பலத்தைவிட, எத்தனை வருடம் முன்னால் இடித்தோம் என்பதுதான் கணக்கு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. விண்கலம் கொடுத்த உந்தத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் அந்தக் கல்லுக்குக் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது? மோதியபோது கல்லும் தூசும் பின்பக்கமாகப் பீறிட்டு அடித்தன. அது ராக்கெட் புகை மாதிரியே கல்லை முன்னால் தள்ளியது. இந்தக் கூடுதல் தள்ளு எவ்வளவு என்பது கல்லின் உள்ளமைப்பைப் பொறுத்தது. கெட்டிப் பாறை என்றால் ஒரு அளவு, லாரியில் இருந்து கொட்டிய ஜல்லிக் குவியல் மாதிரி இருந்தால் வேறு அளவு.

பல சிறுகோள்கள் அந்த ஜல்லிக் குவியல் ரகம்தான். 2020 அக்டோபர் 20 அன்று நாசாவின் ஒசைரிஸ் ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோள் மேல் தன் இயந்திரக் கையை வைத்து மண் எடுத்தது. தரை எதிர்ப்பே காட்டவில்லை. கை சுமார் அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. அந்த நேரத்தில் ராக்கெட்டை இயக்கி விலகியிராவிட்டால் இன்னும் புதைந்திருக்கும். 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கிய அந்த மண் பொட்டலத்தில் 121.6 கிராம் இருந்தது. அதைச் சோதனைச்சாலையில் ஆராய்வது வெறும் அறிவியல் ஆர்வம் என்று நினைக்காதீர்கள். எதை இடிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளும் வேலையும் அதில் அடக்கம். டார்ட் உண்டாக்கிய காயத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024 அக்டோபர் 7 அன்று கிளம்பியது. 2026 கடைசியில் சேர வேண்டும் என்பது திட்டம்.

இப்போது அணுகுண்டு. குவியலை உடைத்தால் என்ன ஆகும்? துண்டுகள் பழைய பாதையிலேயே கூட்டமாக வரலாம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் காற்றிலேயே வெடித்தது சுமார் 20 மீட்டர் கல்தான். பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடிகள் சிதறியே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அப்படி ஐம்பது துண்டு வந்தால்? அதனால் அணுகுண்டைப் பற்றி யோசிப்பவர்களும் கல்லை உடைக்கச் சொல்வதில்லை. சற்றுத் தள்ளி வெடிக்கவைத்து, அந்தச் சூட்டில் மேற்பரப்பு ஆவியாகிப் பீறிடும் வேகத்தில் கல்லைத் தள்ளுவதுதான் அவர்கள் கணக்கு. கல் பெரியது, நேரம் குறைவு என்றால் கடைசி வழி அதுவாக இருக்கலாம். ஆனால் அதை யாரும் விண்வெளியில் சோதித்துப் பார்த்ததில்லை.

நேரம் குறைவு என்றால் எனக்கு உண்மையில் கவலை தருவது வால்மீன்கள்தான். சைடிங் ஸ்பிரிங் என்ற வால்மீனை 2013 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். 2014 அக்டோபரில் அது செவ்வாயை சுமார் 1,40,000 கிலோமீட்டர் தூரத்தில் உரசிக்கொண்டு போனது. இடையில் 21 மாதம். அதற்குள் ஒரு விண்கலத்தை வடிவமைத்து, கட்டி, ஏவி, கொண்டுபோய் மோத முடியாது. போதாக்குறைக்கு, வால்மீன் சூரியனை நெருங்க நெருங்க அதன் பனிக்கட்டி ஆவியாகிப் பீய்ச்சும், அதுவே பாதையைக் கொஞ்சம் மாற்றும். அதனால்தான் ஐரோப்பியர்கள் இலக்கே முடிவாகாத ஒரு விண்கலத்தைத் தயார் செய்கிறார்கள். பெயர் காமெட் இன்டர்செப்டர். முதலில் ஏவிவிடுவது, பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஓரிடத்தில் நிறுத்திவைப்பது, புதிதாக ஒரு வால்மீன் வருவது தெரிந்ததும் அங்கிருந்தே கிளப்பிவிடுவது. அது மோதப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறது. அதைப் பற்றித் தனியாக ஒரு காணொளி போடலாம், கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள்.