குண்டு உடம்புக்கும் ஒரு நியாயம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நான் பருமனான உடம்பு உடையவள். இதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லவில்லை. பேசப்போகும் செய்தி எனக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். குண்டாக இருப்பவர்களை இழிவாக நடத்துவது ஓர் அநீதி. உறவுக்காரர்களின் கேலி என்றோ, அக்கறை என்றோ அதற்கு வேறு பெயர் சூட்ட நான் தயாராக இல்லை.

இந்த அநீதியை எதிர்த்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் இயக்கம் நடந்துவருகிறது. 1967ஆம் ஆண்டின் கோடையில் நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பூங்காவில் ஏறத்தாழ 500 பேர் கூடினார்கள். ஸ்டீவ் போஸ்ட் என்ற வானொலி அறிவிப்பாளர் விடுத்த அழைப்பு அது. குண்டாக இருப்பதற்காக இனி வெட்கப்பட மாட்டோம் என்று ஊரறியச் சொல்லவே வந்தார்கள். டயட் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். ஒல்லி உடம்புக்கு இலக்கணமாக அன்று கொண்டாடப்பட்ட ட்விகி என்ற இங்கிலாந்து மாடலின் படத்தையும் தீயில் போட்டார்கள். படத்தை எரித்ததில் எனக்கு உடன்பாடில்லை; அந்தப் பெண்ணின் உடம்பும் அவருடைய சொந்த உடம்புதானே. ஆனால் நாலு பேர் பார்க்க ஓர் ஐஸ்கிரீம் சாப்பிடக்கூட கூசிக் குறுகியவர்கள் வெட்டவெளியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்களே, அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பில் ஃபேப்ரே என்ற பொறியாளர் குண்டானவர்களின் உரிமைக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அவர் குண்டானவர் அல்லர். தம் மனைவியை உலகம் நடத்திய விதத்தைப் பார்த்துப் பார்த்துக் கொதித்தவர். நாஃபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சங்கத்துக்குப் பிறகு, 1970களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் பெண்கள் சிலர் இன்னும் கடுமையான குரலில் பேசத் தொடங்கினார்கள். ஜூடி ஃப்ரீஸ்பிரிட் அவர்களுள் ஒருவர். அந்தப் பெண்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது: மருத்துவ இதழ்களைத் தாங்களே தேடிப் படித்தார்கள். பட்டினி கிடந்து குறைத்த எடை பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் திரும்பிவிடுகிறது என்பது அந்த இதழ்களிலேயே இருந்தது. பிறகு ஏன் தோல்வியை மட்டும் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று மருத்துவர்களையும் டயட் வியாபாரிகளையும் கேட்டார்கள். 1973இல் ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள்.

இங்கே யாராவது, "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமே" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காக ஒரு செய்தி. டென்மார்க்கில் குழந்தையிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய பருமன் யாரை ஒத்திருந்தது? ஊட்டி வளர்த்தவர்களை அல்ல, பெற்றவர்களைத்தான் ஒத்திருந்தது. தட்டில் விழும் சோற்றுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. வறுமை, தூக்கம், மருந்து, மகப்பேறு, வேலை என்று எத்தனையோ சேர்ந்துதான் ஓர் உடம்பு உருவாகிறது. அதை ஒற்றைப் பார்வையில் அளந்து, "இவள் சோம்பேறி, இவன் அடக்கமில்லாதவன்" என்று தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

அந்தத் தீர்ப்பு வேலைவாய்ப்பையும் பறிக்கிறது. 2009இல் ஏர் இந்தியா நிறுவனம் எடை கூடுதல் என்று சொல்லி விமானப் பணிப்பெண்கள் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே தில்லி உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் எடை விதியை ஏற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலோ 1976ஆம் ஆண்டுச் சட்டமே உயரத்தையும் எடையையும் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்கிறது. நியூயார்க் நகரம் 2023இல் அதே பாதுகாப்பைக் கொண்டுவந்தது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது. உடல் எடையைச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் யாரும் கேட்காததால் விடுபட்டது அது. இன்று நாம் கேட்கலாம்.

அடுத்து ஆரோக்கியம். பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டு, மூட்டுவலிக்கும் உண்டு. மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் திட்டு வாங்கி யாரும் நலமடைந்ததில்லை. எந்த நோய்க்குப் போனாலும் "முதலில் எடையைக் குறை" என்ற ஒரே பதில் வரும் என்று தெரிந்தவர்கள் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். கட்டியோ, இதயக் கோளாறோ முற்றிய பிறகுதான் போகிறார்கள். என் உறவுப் பெண்களில் இப்படி நாள் கடத்தியவர்களை நான் அறிவேன். உலகின் பல நாட்டு வல்லுநர்கள் 2020இல் ஒன்றுகூடி, பருமனானவர்களை இழிவுபடுத்துவது உடலையும் மனத்தையும் கெடுக்கிறது, அதை ஒழிக்க வேண்டும் என்று கூட்டறிக்கையே வெளியிட்டிருக்கிறார்கள்.

சரியாகப் பார்க்க வேண்டிய இடத்தில்கூட எங்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால், மேல் அளவு ஏறத்தாழ 20 புள்ளி வரை கூடிவிடுகிறது என்று 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 125 இருக்கிறவருக்கு 145 என்று எழுதுவார்கள். இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதுவார்கள். அவரும், எல்லாம் தன் உடம்பு செய்த குற்றம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தவறு பட்டையில் இருக்கிறது.

இக்கூட்டத்தில் செவிலியர்கள், மருத்துவ மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் வார்டில் பெரிய பட்டை இருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் இடத்தில் கைப்பிடி இல்லாத, அகலமான இருக்கைகள் இரண்டையாவது போடச் சொல்லுங்கள். எடை பார்க்கும் இயந்திரத்தை எல்லார் கண்ணிலும் படும் நடைவழியிலிருந்து எடுத்து ஒரு தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன்: குண்டான பிள்ளைக்கு ஒரு தட்டு, ஒல்லியான பிள்ளைக்கு வேறு தட்டு என்று ஒரே வீட்டில் பிரித்து வைக்காதீர்கள். திருமணத்துக்கும் தீபாவளிக்கும் வரும் சொந்தக்காரர் உங்கள் மகளின் இடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், அவள் எதிரிலேயே அவரை நிறுத்துங்கள்.